குட்டியானை வாங்குமுன்: பெட்ரோலா, டீசலா?

2012ல் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம் இருக்கும்போது லோடு வண்டிக்குப் பெட்ரோல் என்று பேச்செடுத்தாலே சிரித்திருப்பார்கள். 2005ல் டாட்டா ஏஸ் வந்தபோதும் டீசலில் மட்டும்தான் வந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். அவ்வளவு சின்ன இஞ்சினை வைத்துக்கொண்டு முக்கால் டன் சுமந்ததால் ஊரே அதற்குக் குட்டியானை என்று பேர் வைத்தது. இப்போது எந்தக் கம்பெனியின் சின்ன லோடு வண்டியாக இருந்தாலும் அதே பேர்தான்.

அந்த 32 ரூபாய் வித்தியாசம் சந்தை தந்தது இல்லை, அரசு தந்தது. பெட்ரோல் விலையை 2010 ஜூனிலேயே அவிழ்த்துவிட்டார்கள். டீசலை மட்டும் கையில் பிடித்து வைத்திருந்தார்கள். 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 காசு என்று ஏற்ற ஆரம்பித்து, 2014 அக்டோபரில் டீசலையும் விட்டுவிட்டார்கள். 2025ல் சென்னையில் பெட்ரோல் சுமார் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் 50 காசை ஒட்டி. இடைவெளி எட்டரை ரூபாய்தான். ஆனால் "லோடு வண்டின்னா டீசல்தான்" என்ற பேச்சு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு டன்னுக்குக் கீழே, ஊருக்குள்ளேயே, ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டருக்குள் ஓடுகிற வண்டி என்றால் பெட்ரோல். அதே சின்ன வண்டி தினமும் 80 கிலோமீட்டருக்கு மேல், ஊர் விட்டு ஊர் போகிறது என்றால் டீசல். ஒன்றேகால் டன், ஒன்றரை டன் பிக்கப் என்றால் பெரிதாக யோசிக்க வேண்டாம், டீசல். நடுவில் இருப்பவர்கள்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஷோரூமில் முதலில் மைலேஜைப் பற்றிப் பேசுவார்கள், அப்புறம் டவுன் பேமென்ட். உங்கள் வண்டி எங்கே, எத்தனை கிலோமீட்டர், எத்தனை முறை நின்று நின்று ஓடப்போகிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். முடிவு அதில்தான் இருக்கிறது.

கணக்கு

கம்பெனி அச்சடித்துத் தரும் மைலேஜை ஓரமாக வைத்துவிடுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் வண்டியை, நீங்கள் ஏற்றப்போகும் அதே சரக்கோடு ஓட்டுகிற நாலு டிரைவர்களிடம் லோடு ஸ்டாண்டில் கேட்டால் உண்மை தெரியும். ஒரு பேச்சுக்கு, லோடோடு ஊருக்குள் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15, டீசல் வண்டி 20 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பெட்ரோலுக்கு ஒரு கிலோமீட்டர் செலவு 6 ரூபாய் 73 காசு. டீசலுக்கு 4 ரூபாய் 63 காசு. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 10 காசு டீசலில் மிச்சம்.

இதைப் பார்த்ததும் டீசல் ஜெயித்துவிட்டது என்று தோன்றும். வண்டி விலையைச் சேருங்கள். ஒரே அளவு வண்டியில் டீசல் ஆன்ரோடு ஒரு லட்சம் கூடுதல் என்று வைப்போம். நம்மில் எத்தனை பேர் ரொக்கம் கொடுத்து எடுக்கிறோம்? அந்த ஒரு லட்சமும் டியூவில்தான் போய் உட்காரும். 11 சதவீத வட்டிக்கு நாலு வருடம் கட்டினால் 1,24,000 ரூபாய் ஆகிறது. தனியார் ஃபைனான்ஸில் வட்டி இன்னும் கூடலாம். டீசலுக்கு ஆயில் அதிகம், ஃபில்டர் விலை அதிகம், அதற்காகக் கிலோமீட்டருக்கு 30 காசு கழித்தால் மிச்சம் 1 ரூபாய் 80 காசாகக் குறையும். 1,24,000ஐ 1.80 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 69,000 கிலோமீட்டர். அதுவரை ஓடினால்தான் டீசலுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு திரும்பி வரும். லாபம் அதற்கு மேல்தான்.

இனி உங்கள் ஓட்டத்தைப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 300 நாள் ஓட்டம். தினமும் 40 கிலோமீட்டர் என்றால் வருடத்துக்கு 12,000. காசு திரும்ப ஐந்தே முக்கால் வருடம் ஆகும். டியூ முடிந்து, வண்டியை மாற்றலாமா என்று யோசிக்கிற நேரம் அது. தினமும் 120 கிலோமீட்டர் என்றால் வருடத்துக்கு 36,000. இரண்டு வருடத்துக்குள் கணக்கு நேராகிவிடும், மீதி இரண்டு வருட டியூவில் மாதாமாதம் ஐயாயிரத்துக்கு மேல் மிஞ்சும். நாலு வருட டியூவுக்குள் சரிக்குச் சரி ஆக வேண்டுமானால் தினமும் 57, 58 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஊர் விலை, உங்கள் வட்டி, நீங்கள் பார்க்கும் மாடல் என்று மூன்றையும் மாற்றிப் போடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் இரண்டு வகைக்குமே விலை இறங்கியது. விலை கூடுதலான டீசல் வண்டியில் ரூபாய்க் கணக்கில் கொஞ்சம் அதிகமாகவே இறங்கியது. ஆகவே பழைய கொட்டேஷனை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று. வண்டி ஓடாத நாட்களையும் எண்ணுங்கள். மழைக்காலத்தில் கட்டட வேலை நின்றால் செங்கல், மணல் நடை நிற்கும். ஆடியில் கல்யாணம் இல்லை, பாத்திரமும் நாற்காலியும் ஏற்ற ஆள் இல்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் டியூ தேதி வரும். டீசலின் மிச்சம் ஓடினால்தான் கைக்கு வரும். அதன் கூடுதல் விலையோ வண்டி நின்றாலும் கட்ட வேண்டியது. ஓட்டம் நிச்சயமில்லாதவர்களுக்குப் பெட்ரோல் பாதுகாப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

டீசலுக்கு ஊர் ஓட்டம் ஏன் ஆகாது

இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். பெரும்பாலும் வண்டி எடுத்து ஆறு மாதம் கழித்துத்தான் தெரிய வருகிறது.

மைலேஜை மட்டும் பார்த்தால் ஊருக்குள்ளும் டீசல்தான் ஜெயிக்கும். சிக்னலில் சும்மா நிற்கும்போது டீசல் இஞ்சின் மிகக் குறைவாகக் குடிக்கும். பெட்ரோல் இஞ்சினில் காற்றை அடைத்து அடைத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். டீசலில் காற்றைத் தடுப்பது இல்லை, டீசலின் அளவைத்தான் குறைக்கிறார்கள். அழுத்த விகிதமும் டீசலில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதோடு ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி இருக்கிறது. இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த மைலேஜ். ஆக, சிக்கல் மைலேஜில் இல்லை, சைலன்சரில்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயம். பிஎஸ்4லிருந்து நேராக ஆறுக்குத் தாண்டினார்கள். அதிலிருந்து டீசல் வண்டியின் புகை வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி வந்தது. இஞ்சின் விடும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் 600 டிகிரி வரை சூடாக்கி அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். வண்டி தானாகவே அதைச் செய்துகொள்ளும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இஞ்சின் நன்றாகச் சூடேறி, ஒரே சீரான வேகத்தில், கால் மணி நேரம் இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட வேண்டும்.

சென்னைப் புறநகரில் தண்ணீர் கேன் போடும் வண்டியை நினைத்துப் பாருங்கள். பிளான்ட்டிலிருந்து கிளம்பினால் நாலு கிலோமீட்டர். முதல் வீட்டில் நிறுத்தி, இரண்டு கேன் இறக்கி, காலி கேனை வாங்கிக்கொண்டு, இருபது அடி தள்ளி மறுபடி நிறுத்தம். டிரைவர் இஞ்சினை அணைத்து அணைத்துப் போடுகிறார். இரண்டாம் கியருக்கு மேல் போவதே இல்லை. சாயந்திரம் வரை ஓடினாலும் மீட்டரில் 35 கிலோமீட்டர் தாண்டாது. இந்த வண்டியில் கரி எரிய நேரமே கிடைப்பதில்லை. எரிக்கத் தொடங்கும், டிரைவர் அணைப்பார். மறுபடி தொடங்கும், மறுபடி அணைப்பார்.

ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சூடேற்றுவதற்காக இஞ்சினுக்குள் கூடுதலாக டீசல் பீய்ச்சப்படுகிறது. பாதியில் நின்றால் அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரோடு வழிந்து கீழே ஆயிலில் கலக்கும். காலையில் ஆயில் கம்பியை எடுத்துத் துடைத்து, விட்டு எடுத்துப் பார்த்தால் எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி நிற்கும். பழைய வண்டி ஓட்டியவர்களுக்கு ஆயில் இறங்குவதுதான் பயம். புது டீசலில் ஆயில் ஏறினால் பயப்பட வேண்டும். முகர்ந்தால் டீசல் வாசம் அடிக்கும், விரலில் தொட்டால் நீர்த்துப் போயிருக்கும். அந்த ஆயிலோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பேரிங் தாங்காது.

டேஷ்போர்டில் விளக்கு எரியும். டிரைவர் பேசாமல் ஓட்டுவார். அடுத்து வண்டி இழுக்காது; 30, 40க்கு மேல் போகாதபடி இஞ்சின் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். அப்புறம் சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டி, நிறுத்தி வைத்தே எரிக்கச் சொல்வார்கள். அதற்கும் சரியாகாவிட்டால் வடிகட்டியைக் கழற்ற வேண்டும், மாற்ற வேண்டி வந்தால் பெரிய தொகை. அன்றைய ஓட்டமும் போச்சு.

சில டீசல் வண்டிகளில் இதோடு ஆட்ப்ளூ என்ற திரவமும் ஊற்ற வேண்டும். டிரைவர்கள் பாஷையில் யூரியா. 32.5 சதவீத யூரியா கரைத்த சுத்தமான தண்ணீர்தான் அது. தீர்ந்துவிட்டால் முதலில் எச்சரிக்கும், அப்புறமும் ஊற்றாமல் விட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தரமில்லாத யூரியா ஊற்றினால் உள்ளே படிகமாகக் கட்டிக்கொள்ளும். எல்லாச் சின்ன வண்டிக்கும் இது கிடையாது. 2025ல் வந்த ஏஸ் கோல்டு பிளஸ் டீசலில் யூரியா இல்லாத வேறு முறையை வைத்திருக்கிறார்கள். வாங்குமுன் இந்த மாடலுக்கு யூரியா உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சின்ன டீசல் இஞ்சினுக்கு இத்தனை சாமானையும் மாட்டினால் வண்டி விலை எங்கே போய் நிற்கும் என்று கம்பெனிகளும் கணக்குப் போட்டன. மாருதி சூப்பர் கேரி 2016ல் 793 சிசி டீசலில் வந்தது. 2020ல் பிஎஸ்6 வந்ததும் டீசலை நிறுத்திவிட்டு 1.2 லிட்டர் பெட்ரோலும் சிஎன்ஜியும் மட்டும் என்று ஆகிவிட்டது. டாட்டாவும் ஏஸில் 694 சிசி பெட்ரோல் இஞ்சினைக் கொண்டுவந்தது. 2025 ஜூனில் வந்த ஏஸ் ப்ரோவில் பெட்ரோல், பெட்ரோலோடு சிஎன்ஜி, மின்சாரம் மூன்றும் உண்டு, டீசல் கிடையாது.

வெளியூர் ஓட்டத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய் ஏற்றி, பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகிற வண்டிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தடையில்லாத ஓட்டம். வடிகட்டி போகும்போதே சுத்தமாகிவிடும். டிரைவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நீங்கள் ஏற்கனவே ஊருக்குள் டீசல் வைத்திருந்தால், வாரம் ஒரு முறை பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். அந்த டீசல் செலவு வீண் இல்லை.

இழுவை

"பெட்ரோல் லோடு இழுக்குமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய வண்டிக்கு அது சரியான கேள்வி. குட்டியானைக்கு அப்படி இல்லை.

பிஎஸ்6 ஏஸ் கோல்டு டீசல் இஞ்சினின் சக்தி 20 குதிரைத்திறன், இழுவிசை 45 நியூட்டன் மீட்டர். பெட்ரோலுக்கு 30 குதிரைத்திறன், 55 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பெட்ரோல்தான் பலசாலி. காரணம், அந்தச் சின்ன டீசல் இஞ்சினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. நாம் டீசலின் இழுவை என்று சொல்வதெல்லாம் டர்போ போட்ட இஞ்சினின் குணம். புதிதாக வந்த கோல்டு பிளஸ் டீசல் 22 குதிரைத்திறனோடு 55 நியூட்டன் மீட்டரைத் தொட்டிருக்கிறது.

ஆனாலும் ஓட்டிப் பார்த்தால் டீசல்தான் இழுப்பது போலத் தெரியும். அந்த 45ம் இஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது. பெட்ரோலில் 55ஐப் பிடிக்க 2,500 முதல் 3,000 வரை முடுக்க வேண்டும். டீசல் ஓட்டிப் பழகினவர் பெட்ரோலில் ஏறினால் குறைந்த சுற்றிலேயே கியரை மாற்றுவார், வண்டி திணறும், கிளட்சை அரைவாசி பிடித்துக்கொண்டே மேட்டில் ஏற்றுவார். கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். அப்புறம் "பெட்ரோல் வண்டி சரியில்லை" என்பார். முதல் கியரிலேயே கொஞ்சம் முடுக்கி விட்டு மாற்றப் பழகினால் போதும்.

எடை விஷயத்தில் நாம் கொஞ்சம் உண்மையாக இருக்க வேண்டும். நிரம்பிய 20 லிட்டர் கேன் ஒன்று ஏறக்குறைய 21 கிலோ. 750 கிலோ தாங்கும் வண்டியில் 35 கேன்தான் ஏற்ற வேண்டும். தெருவில் போகிற வண்டியில் 50க்குக் குறையாமல் அடுக்கியிருப்பார்கள். ஒரு டன்னைத் தாண்டியாயிற்று. அதிக பாரத்தில் பெட்ரோல் இஞ்சினை முழுசாக மிதித்து ஓட்டினால் அது தன்னைக் காத்துக்கொள்ள எரிபொருளைக் கூடுதலாகக் கலக்கும். 15 தந்த வண்டி அதல பாதாளத்துக்கு இறங்கும். டீசல் இந்தக் கொடுமையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். நீங்கள் கட்டாயம் ஓவர்லோடு ஏற்றுவீர்கள் என்று உங்களுக்கே தெரிந்தால், சின்ன டீசலுக்குப் போகாமல் ஒரு டன் தாங்கும் அடுத்த வண்டிக்குப் போங்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு முறை மாட்டினால் பல மாத மைலேஜ் மிச்சம் அதில் போய்விடும்.

மலை ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத இஞ்சின், பெட்ரோலோ டீசலோ, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே 30 குதிரைத்திறன் வண்டி 24 ஆகத்தான் வேலை செய்யும், 20 இருந்தது 16 ஆகும். குன்னூர்ப் பாதையிலும், 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையிலும் தினமும் சுமையோடு ஏறுகிறவர்களுக்கு டர்போ டீசல் பிக்கப்தான் பொருத்தம். இறக்கத்தில் டீசல் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள். எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாத டீசல் இஞ்சின் பெட்ரோலைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

ஒரு டன்னுக்கு மேலே போனால் பேச்சே மாறுகிறது. மஹிந்திரா பொலிரோ பிக்கப்பின் 2.5 லிட்டர் டீசல் 200 நியூட்டன் மீட்டர் தருகிறது, அதுவும் 1,400 சுற்றிலிருந்தே. ஓசூர் தயாரிப்பான அசோக் லேலண்ட் தோஸ்த்தும் இதே வகை. ஒன்றரை டன்னை இழுக்க அந்த அளவுக்குப் பெட்ரோல் இஞ்சின் வைத்தால் எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது. அதனால்தான் அந்த வகையில் வெறும் பெட்ரோல் வண்டியைத் தேட வேண்டியிருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்பதையும் பிக்கப் எடுக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலின் குறைகள்

பெட்ரோலை ரொம்பப் புகழ்ந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. அதற்கும் தொல்லைகள் உண்டு.

பங்க்கில் இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே மைலேஜில் சில சதவீதம் குறையத்தான் செய்யும். அதோடு எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். மழைக்காலத்தில் டேங்கில் தண்ணீர் இறங்கினால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், வண்டி தடுமாறும். கூட்டம் இருக்கிற, சரக்குச் சீக்கிரம் காலியாகிற பங்க்காகப் பார்த்துப் போடுங்கள். 2023க்கு முந்தைய பழைய பெட்ரோல் வண்டி வாங்கினால் ரப்பர் குழாய்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டியது. சொந்தமாக ஓட்டாமல் டிரைவர் வைத்து ஓட்டுகிறீர்களா? டேங்கிலிருக்கும் பெட்ரோல் எந்த பைக்கிலும் ஓடும். எல்லா டிரைவர்களும் அப்படி இல்லை, ஆனாலும் வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பதைப் பாருங்கள். டேங்கை ஃபுல் பண்ணி, மீட்டரைக் குறித்து, மறுபடி ஃபுல் பண்ணும்போது வகுத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

பெட்ரோலின் பெரிய நிம்மதி வேறு. இஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் காமன் ரயில் இன்ஜெக்டர்கள் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்கின்றன. கலப்பட டீசலும் தண்ணீரும் அவற்றுக்கு விஷம். ஒரு இன்ஜெக்டர் போனாலே பல ஆயிரம். சின்னப் பெட்ரோல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக், காயில், ஃபில்டர் என்று ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். குலுக்கலும் சத்தமும் குறைவு. காலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டுக்குக் கிளம்புகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை, தெருவே எழுந்துவிடாது.

சிஎன்ஜி பற்றியும் கேட்பீர்கள். பெட்ரோல் வண்டிதான், சிலிண்டர் கூடுதல். உங்கள் வழக்கமான பாதையிலேயே நிலையம் இருந்து, வரிசையில் நிற்கும் நேரம் கட்டுப்படியானால், ஊர் ஓட்டத்துக்கு மூன்றிலும் அதுவே சிக்கனம் என்பது என் எண்ணம். நிலையத்தைத் தேடி ஐந்து கிலோமீட்டர் போக வேண்டியிருந்தால் வேண்டாம். சிலிண்டர் எடையால் ஏற்றும் சரக்கு நூறு கிலோ வரை குறையலாம், மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டரைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். அதை மறந்தால் கேஸ் பிடிக்க விட மாட்டார்கள். மின்சார வண்டியைப் பெரிய கம்பெனிகளோடு மாத ஒப்பந்தத்தில் ஓட்டுகிறவர்கள் பார்க்கலாம்; தனியாளுக்கு அது இன்னொரு கட்டுரை.

விற்கும்போது

விற்பனைச் சந்தையில், அதிலும் சின்ன ஊர்களில், இன்னும் டீசலுக்குத்தான் மவுசு. மூன்று நாலு வருடத்தில் வண்டியை மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் அந்தக் கூடுதல் ஒரு லட்சத்தில் ஒரு பகுதி விற்கும்போது திரும்பும் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். முழுசாகத் திரும்பும் என்று எண்ணாதீர்கள். டெல்லிப் பகுதியில் டீசலுக்குப் பத்து வருடம், பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம் என்று கட்டுப்பாடு வந்த நாளிலிருந்து பழைய டீசலை எடுக்கிறவர்களுக்கும் உள்ளுக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு விதி கிடையாது.

கையில் காசு குறைவு, ஊர் ஓட்டம், ஆனால் டீசல்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு 2020க்கு முந்தைய பிஎஸ்4 குட்டியானை ஒரு வழி. அதன் தொல்லைகள் எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த பழைய தொல்லைகள். ஆனால் எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குக் காட்ட வேண்டும், அந்தச் செலவைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். பார்க்கப் போகும்போது இஞ்சின் ஆறியிருக்கிற காலை நேரத்தில் போங்கள். இஞ்சின் பக்கம் கை வைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்க முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

பிஎஸ்6 டீசலைப் பழையதாக எடுக்கிறீர்கள் என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம். வண்டி ஆறியிருக்கும்போது சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுச் சுற்றித் தேயுங்கள். வடிகட்டி ஒழுங்காக இருந்தால் விரல் கிட்டத்தட்டச் சுத்தமாக வரும். கரேலென்று கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது தொல்லை பொறுக்காமல் முந்தைய ஓனர் உள்ளே இருந்ததைக் குடைந்து எறிந்துவிட்டு வெறும் குழாயை மாட்டியிருக்கிறார். எஃப்.சி.யில் புகைச் சோதனைக்கு நிற்கப்போவது நீங்கள், அவர் இல்லை. விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.